சொகுசுக் காருக்கு லாரிக்காரர் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடையோ பட்டறையோ வைத்துக்கொண்டு, நாமக்கல்லுக்குத் தினம் போய்வர வேண்டியிருக்கிற ஒருவர் கார் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 14 லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்கு ஷோரூமில் ஒரு ஹோண்டா சிட்டியோ ஹூண்டாய் வெர்னாவோ புதிதாகக் கிடைக்கும். ஆட்டோ கன்சல்டிங்கில் விசாரித்தால், அதே தொகைக்கு எட்டு வருடம் ஓடிய ஒரு பென்ஸ், பி.எம்.டபிள்யூ அல்லது ஆடி செடான் வந்து நிற்கும். முதலில் வாங்கியவர் அதற்கு 50 லட்சம் கொடுத்திருப்பார். 36 லட்சம் நமக்கு மிச்சம் என்று மனம் சொல்லும். அந்த மிச்சம் உண்மையில் மிச்சம்தானா, தினசரிப் பயணத்துக்கு அந்தக் கார் கட்டுப்படி ஆகுமா என்பதுதான் இன்றைய பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுப்படி ஆகாது. ஆனால் எல்லாரும் பயப்படுகிற மைலேஜ் அதற்குக் காரணம் இல்லை.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள நாமக்கல்லைவிட நல்ல இடம் கிடையாது. லாரியும் டேங்கரும் டிரெய்லரும் ஓட்டிப் பிழைக்கும் ஊர் அது. அங்கே ஒரு லாரி உரிமையாளர் வண்டி என்ன விலை என்பதோடு நிற்கமாட்டார். கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பார். டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., டியூ, விற்கும்போது விலையில் போகிற நஷ்டம், எல்லாவற்றையும் கூட்டி ஓடிய தூரத்தால் வகுப்பார். லோடு நன்றாகக் கிடைத்த மாதத்திலேயே டயருக்கென்று ஒரு தொகையை ஒதுக்குவார். சொந்தக் கார் என்று வந்தால் மட்டும் டியூ எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு முடித்துக்கொள்கிறோம்.

சரி, லாரிக்காரர் முறையிலேயே போடுவோம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து குகை, தாதகாப்பட்டி கேட், சீலநாயக்கன்பட்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் தாண்டி நாமக்கல் போக ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போய்வர 110. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 27,500 கிலோமீட்டர். ஐந்து வருடத்தில் 1,37,500. சுங்கச்சாவடிக் கட்டணம் இரண்டு காருக்கும் ஒன்றுதான். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்தர ஃபாஸ்டேக் பாஸில் 200 பயணம்தான் என்பதால், வழியில் ஒரு சுங்கச்சாவடி என்று வைத்தால் ஒரு வருடத்தில் இரண்டரை பாஸ் தீரும். அதை விட்டுவிடலாம். எரிபொருளுக்கு வருவோம். பழைய ஜெர்மன் கார் இரண்டு லிட்டர் டீசல் என்ஜினாக இருந்தால் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும். புது பெட்ரோல் செடானும் ஏறத்தாழ அதே அளவு. டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 100 ரூபாய் என்று பிடித்தால், வருடத்துக்கு ஜெர்மன் காருக்கு 1 லட்சத்து 60 ஆயிரம், புதுக் காருக்கு 1 லட்சத்து 72 ஆயிரம். சொகுசுக் கார்தான் சிக்கனம்! விலைச் சரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய கார் 14 லட்சத்திலிருந்து 6 லட்சத்துக்கு இறங்கும். புதுக் கார் 14 லட்சத்திலிருந்து ஆறரை லட்சத்துக்கு இறங்கும் என்று வையுங்கள். பெரிய நஷ்டத்தை முதல் முதலாளியே சுமந்துவிட்டார் என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. அதனால் அடுத்து வாங்குபவருக்கு நஷ்டம் இல்லாமல் போய்விடுவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? டயரில் தொடங்குகிறது. பல பி.எம்.டபிள்யூ கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்தான். ஒன்று 20,000 ரூபாய் என்று வைத்தால் நான்குக்கு 80,000. நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செட் என்று ஐந்து வருடத்தில் மூன்று செட், 2 லட்சத்து 40 ஆயிரம். சாதாரணக் காருக்கு இது 85,000க்குள் முடிந்துவிடும். சர்வீஸுக்கு அங்கே 2 லட்சத்து 70 ஆயிரம், இங்கே 1 லட்சத்துச் சொச்சம். இன்சூரன்ஸில் அங்கே இரண்டரை லட்சம், இங்கே ஒன்றேமுக்கால். அடுத்து வருவதுதான் ஆளை அசத்துவது. எட்டாம் வருடத்திலிருந்து பதின்மூன்றாம் வருடத்துக்குள் சஸ்பென்ஷன் புஷ்கள், கூலிங் சிஸ்டத்தின் பிளாஸ்டிக் பாகங்கள், பிரேக் டிஸ்க், ஏ.சி. கம்ப்ரஸர், இன்ஜெக்டர், டர்போ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி என்று ஒவ்வொன்றாக வேலை வைக்கும். சேலத்துச் சித்திரை வெயில் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. ஐந்து வருடத்துக்கு 6 லட்சம் என்பது தாராளமான மதிப்பீடு என்று சொல்லமாட்டேன். புதுக் காருக்கு 1 லட்சம் ஒதுக்கினால் போதும். எல்லாம் கூட்டி வகுத்தால், பழைய சொகுசுக் கார் கிலோமீட்டருக்கு இருபத்தொன்றரை ரூபாய், புது நடுத்தரக் கார் 15 ரூபாய். ஆறரை ரூபாய் வித்தியாசம். மாதத்துக்குப் பதினான்கு, பதினைந்தாயிரம் வருகிறது. இவை என் அனுமான எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் இடைவெளி பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். காரின் விலை 50 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் ஹெட்லைட்டின் விலை இறங்கவில்லை. வாங்கியது 14 லட்சத்துக்கு, பராமரிப்பது 50 லட்சம் ரூபாய்க் காரை.

இதற்கு இன்சூரன்ஸ் பாலிசியே சாட்சி சொல்கிறது. எட்டு வருடக் காரின் காப்பீட்டு மதிப்பு 12 லட்சம் என்று வையுங்கள். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 9 லட்சத்துக்கு மேல் போனால், அது முழு நஷ்டக் கணக்கில் சேரும். முன்பக்கம் பலமாக மோதி, ஏர்பேக்குகள் விரிந்து, ரேடியேட்டரும் இரண்டு ஹெட்லைட்டும் போனால் 9 லட்சம் எட்டாத தொகை இல்லை. அதற்குள் அடங்கினாலோ, தொகையில் ஒரு பங்கு நம் தலையில். வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், ஏர்பேக் ஆகியவற்றில் பாதியை நாம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் பத்து வருடத்துக்குட்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களில் 40 சதவீதம் நம்முடையது. இந்தக் கழிவு இல்லாமல் முழுத் தொகையும் தருகிற ஜீரோ டிப்ரிசியேஷன் பாலிசி வயதான காருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பழைய முதலாளி ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாமல் சேர்த்த 50 சதவீதச் சலுகையும் நமக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல.

கம்பெனி சர்வீஸை விட்டு வெளி ஷெட்டில் பார்த்தால் செலவு குறையாதா என்று கேட்கலாம். குறையும். பாஷ், இஸட்.எஃப். போன்ற நிறுவனங்களின் பாகங்களைக் கார் கம்பெனியின் பெட்டி இல்லாமல் வாங்கினால் நல்ல வித்தியாசம் தெரியும். வேலை தெரிந்த மெக்கானிக் அமைந்தால் அந்த ஆறரை ரூபாய் இடைவெளி நாலரைக்கு இறங்கலாம். ஆனால் இந்தியாவில் விற்கும் கார்களில் சொகுசுக் கார்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். பி.எம்.டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் கார்களைப் பூட்டி வந்தாலும், மாருதிக்குக் கிடைப்பது போலப் பாகங்கள் சேலத்துக் கடைகளில் அடுக்கியிருக்காது. ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். வந்த பாகத்தைக் காரின் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குக் கோவைக்குப் போனால் 160 கிலோமீட்டர், பெங்களூருக்கு 200. அப்படி நான்கு நாள் வண்டி நின்றால், தினசரிப் பயணக்காரருக்கு மாற்று வண்டி யார் கொடுப்பது? சொகுசுக் காருக்கு ஆதரவாகச் சொல்லப்படுகிற இன்னொரு வாதம் பாதுகாப்பு. பத்து வருடத்துக்கு முன் அதை மறுத்திருக்க முடியாது. இப்போது வெர்னா, வர்ட்டஸ், ஸ்லாவியா ஆகிய நடுத்தர செடான்கள் மூன்றும் 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. 2024இல் மாருதி டிசையரும் வாங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் டிசையர் போன்ற சிறு பெட்ரோல் கார்களின் வரி 29 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கி, புது வண்டி இன்னும் மலிந்தது. சுகம் என்ற வாதத்தை மட்டும் நான் தட்டமாட்டேன். தினம் இரண்டு மணி நேரம் உட்காருகிற இருக்கை, சத்தமில்லாத கேபின், இவற்றுக்கு மாதம் பதினைந்தாயிரம் தகும் என்று ஒருவர் தெரிந்தே முடிவெடுத்தால் அது அவர் உரிமை.

கடைவீதியில் அடிபடுகிற வாதம் வேறு: கௌரவம். பெரிய கார் வந்து நின்றால் சரக்குக் கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கை வருமாம். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் நாணயம் என்பது சொன்ன தேதியில் பணம் போய்ச் சேருவதுதான். அந்தப் பணத்தில்தான் இந்தக் கார் கைவைக்கும். இந்தச் செலவு மாதம் பதினைந்தாயிரமாகப் பிரிந்து வராது. இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் மூன்று லட்சமாக வரும். கொலுசுப் பட்டறைக்காரர் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 என்ற ஒரே வருடத்தில் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. முன்பு வாங்கிய அதே கிலோ வெள்ளிக்கு இரட்டை முதல் தேவைப்படும் நேரத்தில் கியர்பாக்ஸ் போனால், எதை நிறுத்துவது? கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று ஆடிட்டரைக் காட்டுவோரும் உண்டு. வருமான வரியில் காருக்குத் தேய்மானம் வருடம் 15 சதவீதம், அதுவும் தொழிலுக்கு ஓடிய அளவுக்குத்தான். இப்படி ஓட்டும் காருக்கும் அதன் ரிப்பேருக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கச் சட்டம் விடாது. வரியில் கொஞ்சம் மிச்சமாகும். செலவு செலவாகத்தான் இருக்கும்.

வண்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லியில் பத்து வருட டீசல் கார்களுக்கு வந்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால் அங்கே விலை இறங்கிய சொகுசுக் கார்கள் பல மாநிலங்களுக்கும் பரவின. அப்படி வரும் வண்டிக்கு என்.ஓ.சி. வாங்க வேண்டும், தமிழ்நாட்டின் ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். 2023இல் ஏற்றியபின் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு அந்த வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு அதைவிடக் குறைவுதான். ஆனால் டெல்லி விலையில் மலிவு என்று நினைத்ததில் ஒரு பகுதி இங்கேயே கரைந்துவிடும். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டுகளில் பச்சை பிடித்திருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

பழைய சொகுசுக் காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடம் ஆறு, ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்திருந்து, மூன்று லட்சம் ரூபாயை வங்கியில் அந்தக் காருக்கென்றே தொடாமல் போட்டுவைக்க முடிகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. கோவை, சென்னை நீண்ட பயணத்துக்கு அதைவிட நல்ல வண்டி அந்த விலையில் இல்லை. அப்போதும் டீசலா பெட்ரோலா என்பது முக்கியம். செவ்வாய்ப்பேட்டைக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே மூன்று, நான்கு கிலோமீட்டர் ஊர்ந்துவிட்டு நிறுத்துகிற ஓட்டத்தில், டீசல் காரின் புகை வடிகட்டி தன்னில் படிந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் சூடு வராது. அடைத்துக்கொள்ளும், மாற்றினால் லட்சத்தில் பேச்சு. ஊருக்குள் ஓட்டுபவர் பெட்ரோல் எடுக்கட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் ஒருமுறை முழு ஸ்கேன் எடுத்து, சர்வீஸ் ஹிஸ்டரியைச் சேஸிஸ் நம்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில ஆயிரம் செலவாகும், ஒரு நாள் போகும். விற்பவர் அதற்கு வண்டியைத் தரமாட்டேன் என்றால், அந்த 14 லட்சம் உங்களிடமே இருக்கட்டும்.