பறவைகள் நடத்தும் பள்ளிக்கூடம்



சுற்றுச்சூழல் கல்வி நிலையம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? குளுகுளு கட்டடம், சுவர் நிறைய வண்ணப் படங்கள், பத்து நிமிடக் குறும்படம். ஆனால் சிங்கப்பூரின் சுங்கை பூலோவில், கட்டடத்துக்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள், பறவைகள்!

சுங்கை பூலோ என்றால் மலாய் மொழியில் மூங்கில் ஆறு. தீவின் வடமேற்குக் கரையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய இடம். ஒரு காலத்தில் அங்கு இறால், மீன் வளர்ப்புக் குளங்கள் இருந்தன. பின்னர் வேளாண் தொழில்நுட்பப் பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டது. 1986ல் இயற்கைச் சங்கத்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் பறவைகளைக் கண்டனர். "ஐயோ, போய்விடுமே" என்று புலம்பிவிட்டு அவர்கள் வீடு திரும்பவில்லை. விவரம் திரட்டி, அரசாங்கத்திடம் பரிந்துரை கொடுத்தனர். 1989ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்து வைத்தார். 2002ல் 130 ஹெக்டர் பரப்புடன் அது சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 2003ல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற சிறப்பும் சேர்ந்தது. 2014ல் விரிவாக்கப் பகுதியும் புதிய வருகையாளர் நிலையமும் வந்தன.

அங்கே என்ன படிக்கலாம்? செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற தூர தேசங்களிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வருகின்றன. கடல் வற்றும்போது அவை சேற்றில் புழு, நண்டு தேடித் தின்னும். கடல் ஏறும்போது சேறு மூழ்கிவிடும். அப்போது அவை எங்கே போகும்? பழைய இறால் குளங்களின் மதகுகளைக் கொண்டு நீர்மட்டத்தைக் குறைத்து, சேற்றுத் திட்டுகளை வெளியே தெரிய வைக்கிறார்கள். பறவைகள் அங்கே இளைப்பாறுகின்றன. மனிதன் வெட்டிய குளமே பறவைக்கு விடுதியாகிவிட்டது!

இதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர முடியுமா?

ஆனால் நம்மில் பல பெற்றோர் என்ன சொல்கிறோம்? "சேறு, கொசு, வெயில். பேரங்காடிக்கே போகலாம்." பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் நூறு பறவைகள் தெரியும். வீட்டுக்கு எதிரே மரத்தில் கூவும் குயிலைத் தெரியாது. தெரியாத ஒன்றைக் காப்பாற்ற யார் முன்வருவார்? 1986ல் அந்தப் பறவைகளின் பெயர் தெரிந்த சிலர் இருந்ததால்தான் அந்த இடம் பிழைத்தது.

பறவைகளின் பாதை நீளமானது. சீனா, கொரியா கரையோரங்களில் சேற்று நிலங்கள் பெருமளவில் தூர்க்கப்பட்டுவிட்டன. நடுவில் ஒரு தங்குமிடம் போனாலும் பயணம் தடைபடும். நம் பங்குக்கு உள்ள ஒரு தங்குமிடத்தையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். காலணியில் சேறு ஒட்டினால் கழுவிக்கொள்ளலாம். பிள்ளை ஒரு பறவையின் பெயரைக் கற்று வந்தால், அது கடைசிவரை கூட வரும்.