பிள்ளைகளின் எடையும் பெரியவர்களின் பொறுப்பும்

(ஆலய மண்டபத்தில் பெற்றோருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பசித்தவருக்குச் சோறிடுவதே தலையாய அறம் என்று வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். இன்றோ பசிப்பிணியோடு மிகை எடையும் பிள்ளைகளை வாட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரை உள்ளோரில் மிகை எடை உடையவர்கள் 1990ஆம் ஆண்டில் 8 விழுக்காட்டினர். 2022இல் அது 20 விழுக்காடாயிற்று. அதாவது 39 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள்!

இவ்விஷயத்தில் நம் சிங்கப்பூருக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1992இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் தொடங்கப்பட்டது. எடை மிகுந்த மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி தரப்பட்டது. 14 விழுக்காடாக இருந்த உடற்பருமன் 2006இல் 9.5 விழுக்காடாகக் குறைந்தது. பலன் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், இடைவேளையில் சில பிள்ளைகள் மட்டும் திடலைச் சுற்றி ஓட, மற்றவர்கள் நின்று சிரித்ததை ஆசிரியராக இருந்த நான் கண்டிருக்கிறேன். திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும்; பிள்ளைகளுக்கு அது போதாதா? 2007இல் அத்திட்டம் முடிவுற்று, எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணும் முறை வந்தது.

இன்றைய ஆராய்ச்சிகளும் இதே திசையில்தான் செல்கின்றன. பிள்ளையைத் திருத்துவதைவிட, பிள்ளை வாழும் சூழலைத் திருத்துவதே முதன்மை என்கின்றனர் அறிஞர்கள். 2014இல் மெக்சிகோவும் 2018இல் பிரிட்டனும் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தன. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் டின்னிலும் அடைத்த பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடப்புக்கு வந்தது. சர்க்கரை மிகுந்த 'டி' தரப் பானங்களை விளம்பரம் செய்யத் தடையும் உண்டு.

மற்றொரு துறை, கருவிலிருந்தே தொடங்கும் ஆய்வு. புனே நகரின் டாக்டர் யாக்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. ஆயினும் நம் குழந்தைகளின் உடலில் தசைதான் குறைந்திருந்தது. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே, "என் பிள்ளை ஒல்லிதானே" என்று நாம் அலட்சியமாக இருக்கலாகாது. சிங்கப்பூரிலும் 2009 முதல் 'கஸ்டோ' ஆய்வு, கர்ப்ப காலத்திலிருந்தே சீன, மலாய், இந்தியத் தாய்மாரையும் அவர்தம் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறது. கர்ப்ப கால நீரிழிவைக் கவனிப்பதும் பிள்ளையின் எடையைக் காக்கும் வழிகளில் ஒன்று என்பதை மருமகள், மகள் உள்ள வீட்டார் மறவாதீர்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பருப்பு, மீன் போன்றவை என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. அன்னதானத்திற்கும் இது பொருந்தும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு உபயம் செய்யும் அன்பர்கள், பாக்கெட் பானத்திற்குப் பதில் தண்ணீரும் மோரும், இரண்டாவது இனிப்புக்குப் பதில் சுண்டலும் வாழைப்பழமும் வழங்கலாமே! பிரசாதத்தின் சிறப்பு அதன் அளவில் இல்லை. பூசை முடிந்தபின், சைனாடவுன் வீதிகளில் பிள்ளைகளோடு சற்று நடந்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

இறுதியாக ஒன்று. எந்தப் பிள்ளையையும் 'குண்டு' என்று அழைக்காதீர்கள். உறவினர் கூடும் இடத்தில் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். வெட்கப்படும் பிள்ளை திடலுக்கு வராது, மறைவில் உண்ணும். அன்போடு உடன் நடக்கும் பெற்றோரே அதற்கு நல்ல மருந்து.

அம்பாள் அருளால் நம் செல்வங்கள் நலமுடன் வளர்க!