ட, ப, ம கற்பித்த தாய்

(ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் படத்திறப்பின்போது அவர்தம் மாணாக்கர் ஆற்றிய உரை)

அம்மையாரின் மக்களே, பெயரப் பிள்ளைகளே! இக்கூரையின்கீழ் என்னோடு மணலில் விரல் தேய்த்த பழந்தோழர்களே!

படத்தைத் திறந்துவைக்க என்னை அழைத்தார்கள். திறந்துவிட்டேன். பேசுவதுதான் கடினமாக இருக்கின்றது. எழுபதை நெருங்கும் இவ்வகவையிலும், அவர் எதிரில் நின்று பேசும்போது கைகளைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகின்றது. படத்தில் இருக்கின்றார் என்பது கைகளுக்குத் தெரியவில்லை.

இலால்குடி வட்டத்தின் இச்சிற்றூரில் 1956ஆம் ஆண்டில் அவர் பணியேற்றார். காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகலுணவு தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். சோறு பிள்ளைகளை அழைத்துவந்தது உண்மை. ஆயினும் சோற்றுக்கும் வர இயலாத பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் பெண்பிள்ளைகள். தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? எட்டு அகவை அக்காள்தான் பார்க்கவேண்டும்.

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? 'குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா' என்றார். பழம்புடைவை இரண்டை எடுத்து இப்பள்ளியின் விட்டத்திலேயே தூளி கட்டினார். ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஒருபுறம் மூன்றாம் வகுப்பு வாய்பாடு சொல்லும். மறுபுறம் முதல் வகுப்பு மணலில் எழுதும். நடுவில் தூளி ஆடும். ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் இதைக் கண்டு சினந்து, 'இஃதென்ன பள்ளியா, பிள்ளைத் தொட்டிலா?' என்றார். அம்மையார் பதிவேட்டை எடுத்து நீட்டி, 'ஐயா, தூளியில் கிடப்பவனுக்கு நான் வருகை குறிக்கவில்லை. அவன் அக்காளுக்குத்தான் குறித்திருக்கின்றேன்' என்றார். அந்த அக்காள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை; முதல் வரிசையில் கண்களைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றார். தூளியில் கிடந்தவன் நான்.

அவர் எழுத்துக் கற்பித்த முறையைச் சொல்லாமல் போக மாட்டேன். அகரத்தில் அவர் தொடங்கியதில்லை. அகரம் சுழியும் வளைவுமாகப் பிஞ்சு விரலை அலைக்கழிக்கும். ட, ப, ம என்னும் மூன்றில்தான் தொடங்குவார். டகரம் இரண்டு கோடு. அதில் இன்னொரு கோட்டை நிறுத்தினால் பகரம். புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கச் சொல்லுவார், பிறகு மணல், அதற்கும் பிறகே கற்பலகை. மேலே ஒரு புள்ளி வைக்கத் தெரிந்த அன்றே படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் எங்கள் கைக்குள் வந்துவிட்டன. 'இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யையும் நெட்டுருப் போடாதே. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடுகின்ற கணக்கைப் பிடி' என்பார். கோவையிலை கொண்டு பலகையைத் துடைத்த அந்தப் பச்சை மணம் இப்பொழுதும் என் மூக்கில் இருக்கின்றது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். இருபது அகவையில் நான் தனித்தமிழ்ப் பற்றில் கொதித்துக்கொண்டிருந்தேன். ஊரார் அவரை 'டீச்சரம்மா' என்று அழைப்பார்கள். நான் ஒவ்வொருவரையும் மறித்து, 'ஆசிரியை என்று சொல்' என்பேன். அவரிடமும் போய், வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ்ப்பெயர் சூட்டவேண்டும் என்றேன். 'பெயர் பெற்றவர்கள் கொடுத்தது, தம்பி. அதை மாற்ற அவர்கள் வந்து கேட்டால் நல்ல பெயர் நூறு சொல்லுவேன். அதுவரை என் வேலை எழுத்தைக் கொடுப்பது' என்றார். எனக்குச் சினம். இவருக்குத் தமிழுணர்ச்சி இல்லையோ என்றுகூட ஐயுற்றேன். அவர் மேசைமேல், நீலாம்பிகையம்மையார் தொகுத்த வடசொற்றமிழ் அகரவரிசை ஏடுகள் மடங்கிக் கிடந்ததைப் பின்னரே கண்டேன். அவர் வகுப்பில் பேசிய தமிழில் நான் பிடித்துத் திருத்த ஒரு சொல்லும் அகப்பட்டதில்லை என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணா, றா, னா, லை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள், பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்டுவந்த வடிவத்துக்கு மாறின. பள்ளிப் பொத்தகம் மாறியதும் கரும்பலகையில் அவர் புதுவடிவமே எழுதினார். ஆனால் தம் மடல்களிலும் வீட்டுக் கணக்கிலும் பழைய வடிவத்தை விடவில்லை. 'வகுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்றா?' என்று கேட்டேன். 'பிள்ளைக்குப் பொத்தகத்தில் வருவதைத் தரவேண்டும். என் கை என் ஆசிரியரிடம் கற்றது. அஃது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே' என்றார்.

1994இல் பணியோய்வு பெற்றார். ஓய்வு என்பது ஏட்டில்தான். மாலைதோறும் திண்ணை நிறையப் பிள்ளைகள் இருந்தனர்.

அவருடைய மகன் பெங்களூரில் பணி. பெயரன் அங்கே ஆங்கிலவழிப் பள்ளி. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. ஊரெல்லாம் எழுத்துக் கொடுத்தவரின் மடலை, அவர் பெயரனுக்கு இன்னொருவர் படித்துக் காட்டவேண்டியிருந்தது. அதை அறிந்த அன்று அவர் உண்ணவில்லை என்று மருமகள் சொன்னார். மகனைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். மறுநாள் அஞ்சலகம் சென்று அஞ்சலட்டைகள் வாங்கினார்.

முதல் அட்டையில் ட, ப, ம. பக்கத்தில் வாலுடன் ஒரு பட்டம் வரைந்திருந்தார். வேறொன்றும் இல்லை; படிக்கத் தெரியாதவனுக்கு எழுதி என்ன பயன்? ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒலியைச் சொல்லித் தருவார். கிழமைக்கு ஓர் அட்டையாக ஏறத்தாழ ஈராண்டு சென்றது. மழை நாளிலும் குடையுடன் அஞ்சற்பெட்டிக்கு நடந்ததை நாங்கள் கண்டோம். எதற்கென்று அவர் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறன்று பெயரன், 'அப்பாயி! இந்த அட்டையில் யானைத் தும்பிக்கைபோல் ஒன்று இருக்கின்றதே, அஃதென்ன எழுத்து?' என்று கேட்டிருக்கின்றான். கை பழக்கத்தில் பழைய 'லை'யை எழுதிவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அடுத்த அட்டையில் இலை, தலை, மலை, மூன்றும் புதுவடிவில். அன்று தொட்டுப் பாற்கணக்கிலும் பழைய வடிவம் இல்லை. அரசாணைக்கும் எனக்கும் இணங்காத கை அது!

அட்டைகள் அனைத்தையும் பெயரன் கட்டி வைத்திருந்து இங்கே கொண்டுவந்துள்ளான். கடைசி அட்டை அவர் மறைவதற்குப் பத்து நாள் முன்பு எழுதியது. எழுத்து சற்றே நடுங்கியிருக்கின்றது. என்னைப் படிக்கச் சொன்னார்கள். நான் படிப்பது முறையன்று. தம்பி, மேடைக்கு வா. நீயே படி.