பஞ்சடைத்த சொற்கள்

உள்ளதை மிகைப்படுத்திக் கூறுதல் எல்லா இடத்தும் குற்றமாகாது. கவிஞர் அவ்வாறு கூறும்போது தமிழ் அணியிலக்கணம் அதனை உயர்வு நவிற்சி எனப் பெயரிட்டு ஏற்றுக்கொள்கின்றது. கேட்பவரும் அதனை அணியென அறிந்தே கேட்கின்றனர். ஆயின், சிறியதொன்றைப் பெரியதென நம்பவைக்கும் நோக்கோடு சொல் பெருக்கப்படுமாயின், அது அணியன்று, படாடோபம். அத்தகைய படாடோபத்தைச் சுட்டுவதற்கு ஆங்கிலத்திலே பல பெயரடைகள் உள்ளன. அவற்றின் பிறப்பை நோக்கினால், ஒவ்வொன்றினுள்ளும் ஓர் எச்சரிக்கை அடங்கியிருத்தல் புலனாகும்.

வெற்றாரவாரப் பேச்சை ஆங்கிலேயர் 'பொம்பாஸ்டிக்' என்பர். இதன் மூலச் சொல்லாகிய 'பொம்பாஸ்ட்' 16ஆம் நூற்றாண்டிலே ஆடையினுள் அடைக்கும் பஞ்சைக் குறித்தது. முதலாம் எலிசபெத் அரசியார் காலத்துக் கனவான்கள் தம் சட்டையினுள்ளே பஞ்சு முதலியவற்றைத் திணித்து, உடல் பருத்துத் தோன்றுமாறு உடுத்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே, பொருளின்றிப் பருத்த பேச்சுக்கும் அப்பஞ்சின் பெயர் வாய்த்துவிட்டது. முரட்டுத் துணி வகையொன்றின் பெயராகிய 'ஃபஸ்டியன்' என்பதும் அவ்வாறே வீண் சொல்லடுக்குக்கு வழங்கலாயிற்று.

'டர்ஜிட்' என்னும் அடை, வீங்கியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வீக்கம் வளர்ச்சியன்று என்பதை அது நினைவூட்டுகின்றது. 'பாம்பஸ்' என்பதன் வேரோ, ஊர்வலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முன்னர் அது சிறப்புடையது, மாட்சிமை மிக்கது என்னும் நற்பொருளிலும் வழங்கியது. காலப்போக்கில் மாட்சிமை நீங்க, தற்பெருமையே அச்சொல்லில் எஞ்சியது.

காற்றை ஊதுதலைக் குறிக்கும் 'பஃப்' என்னும் சொல், அளவிறந்த விளம்பரப் புகழ்ச்சிக்கும் பெயராயிற்று. நாடகாசிரியர் ரிச்சர்ட் ஷெரிடன், 1779ஆம் ஆண்டு இலண்டனில் அரங்கேறிய 'த கிரிட்டிக்' என்னும் நாடகத்திலே, பஃப் என்ற பெயருடைய பாத்திரமொன்றைப் படைத்தார். புகழ்ச்சி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட அம்மனிதர், அத்தொழிலின் வகைகளை ஓர் இலக்கண ஆசிரியரைப் போலப் பிரித்து விளக்குகின்றார். அவையோர் நகைத்தனர், ஆனால் அத்தொழில் அழியவில்லை.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் அவ்வூதல் நீதிமன்றம் ஏறிற்று. இன்புளுவென்சாக் காய்ச்சல் இங்கிலாந்து மக்களை அச்சுறுத்திய 1891ஆம் ஆண்டிலே, கார்பாலிக் புகைப்பந்து என்னும் பொருளை விற்ற கம்பனி பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அப்பந்தை நாள்தோறும் மும்முறையாக இரு வாரங்கள் பயன்படுத்திய பின்னரும் அந்நோய் காண்பவர்க்கு 100 பவுண் அளிக்கப்படும் என்றும், அதன் உறுதிக்காக வங்கியில் 1,000 பவுண் இடப்பட்டுள்ளது என்றும் அது அறிவித்தது. விளம்பரத்தை நம்பிய கார்லில் என்னும் பெண்மணி பந்தை வாங்கிச் சொன்னவாறே பயன்படுத்தினார். 1892 சனவரியிலே அவருக்குக் காய்ச்சல் கண்டது. பணத்தைக் கேட்டபோது, அறிவிப்பு வெறும் 'பஃப்' என்றும், அதனை எவரும் வாக்குறுதியாகக் கொள்ளலாகாது என்றும் கம்பனி வாதிட்டது. அவ்வாண்டு திசெம்பரிலே மேன்முறையீட்டு நீதிபதிகள் அவ்வாதத்தைத் தள்ளினர். வங்கியிலிட்ட பணத்தைக் காட்டி நம்பவைத்தவர், அதனை வெறும் காற்று எனக் கூறித் தப்ப இயலாது என்பது அவர்தம் முடிபு. கார்லில் அம்மையார் 100 பவுணைப் பெற்றார். சட்டம் பயிலும் மாணவர் இன்றும் அவ்வழக்கைக் கற்கின்றனர்.

அத்தீர்ப்பில் சாதாரண மக்களுக்கும் ஒரு பாடம் உண்டு. 'ஒப்பற்றது', 'உன்னதமானது', 'உலகப் புகழ் பெற்றது' என்பன போன்ற அடைகள் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலாலேயே அவை தாராளமாக வழங்கப்படுகின்றன. தொகையும் காலமும் நிபந்தனையும் குறித்த சொல்லோ, சொன்னவரைப் பிணிக்கும். பெரிய அடைமொழியொன்று காதில் விழும்போது, அதனை நீக்கிவிட்டு எஞ்சியிருப்பது யாதென நோக்குதல் நன்று. நோயுற்றவர் மருந்தையும், ஏழை தன் சேமிப்பை இடும் இடத்தையும் தேர்ந்துகொள்ளும் வேளையில், பஞ்சு எது, உடல் எது எனப் பகுத்தறிவது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அது அவர்தம் வாழ்வுக்கே காவலாகும்.