கறவைப் பசுவும் 21 நாள் கணக்கும்



பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் மிகுதியாய் விளைவதால், கோடையில் அதன் தட்டையே அநேக பசுக்களுக்கு ஆகாரம். தட்டை வயிற்றை நிரப்புமேயன்றி உடலைப் போதியபடி போஷிக்காது. புரதமும் தாது உப்பும் குறைந்த பசு உரிய காலத்தில் பருவத்துக்கு வராது. வந்தாலும் அடையாளம் மங்கலாயிருக்கும்.

சினைப்படாத பசு ஏறக்குறைய 21 நாளுக்கொருமுறை பருவத்துக்கு வரும். ஒரு தடவை கவனியாது விட்டால் அத்தனை நாள் தீனியும் நஷ்டம். சினைக்காலம் சுமார் 280 நாள். ஆகையால், ஈன்ற 85 நாளுக்குள் மீண்டும் சினைப்பட்டாலன்றி வருஷத்துக்கொரு கன்று கிடையாது.

தட்டையை நறுக்கிப் போடவேண்டும். வேலியோரத்தில் அகத்தியும் கிணற்றடியில் வேலிமசாலும் வளர்த்துப் பசுந்தீனி சேர்க்கவேண்டும். தவிடு, பிண்ணாக்கோடு தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுப்பது நலம்.

காலையில் கண்ணாடி போன்ற வழும்பு கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் கருவூட்டல் செய்விக்கவேண்டும்.

பருவத்துக்கு வராத பசுவை மலடென்று சந்தைக்கு ஓட்டுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல சமயங்களில் குறை தீனியிலேயே இருக்கும். ஈன்ற நாளையும் பருவ நாளையும் கொட்டகைச் சுவரிலேனும் எழுதி வையுங்கள்.