உட்கார்ந்து போடும் கணக்கு



லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி ஆண்டவர் சொல்கிறார். தம் சீடராக வருவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை உணர்த்தவே அந்த உவமை. ஆனாலும் ஆண்டவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா? வேலை தெரிந்தவராகவே பேசுகிறார். அந்த மனிதர் முதலில் உட்கார வேண்டும் என்கிறார். நாம் மேஸ்திரியோடு வாசலில் நின்றபடியே கணக்கை முடித்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி ஓபரா ஹவுஸ் என்ற கலையரங்கத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தின் ஓரத்தில் பாய்மரம் விரித்தாற்போல வெள்ளைக் கூரைகள். 1957இல் அதற்குப் போட்ட மதிப்பீடு சுமார் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1963இல் திறப்பதாகத் திட்டம். திறந்தது 1973இல், செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

யாரும் திருடிவிடவில்லை. 1959இல் வேலையைத் தொடங்கியபோது, அந்தக் கூரையை எப்படி நிறுத்துவது என்றே முடிவாகவில்லை. வரைபடங்களும் முழுமையாகவில்லை. ஆனால் மாநில முதல்வர் ஜோ காஹில் அவசரப்பட்டார்; தாமதித்தால் ஆதரவு போய்விடும், திட்டமே நின்றுவிடும் என்ற பயம். பிறகு கூரையின் வடிவம் முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பியிருந்த தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அவற்றை வலுவாகத் திரும்பக் கட்டினார்கள். வடிவமைத்த டென்மார்க் நாட்டவர் யோர்ன் உட்சன், அரசோடு மனம் கசந்து 1966இல் விலகினார். முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

கடைசியில் அழகாகத்தானே முடிந்தது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசு லாட்டரி தாங்கியது. நம் வீட்டுக்கு லாட்டரி கிடையாது.

லிண்டல் மட்டத்தோடு நின்று, கம்பி துருப்பிடித்துக் கிடக்கும் வீடுகளை நம் ஊர்களிலும் பார்க்கிறோம். உவமையில் வழிப்போக்கர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. உள்ளே தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் இருக்கும், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே வீடு கட்டப்போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சமீபத்தில் கட்டி முடித்த மூன்று நான்கு பேரிடம் போய், "முதலில் எவ்வளவு என்றார்கள், கடைசியில் எவ்வளவு ஆனது?" என்று கேளுங்கள். எல்லாருக்கும் கால்பங்கு கூடியிருந்தால், நமக்கு மட்டும் ஏன் கூடாமல் இருக்கும்? அந்தக் கால்பங்கைத் தனியாக வையுங்கள். மார்பிளுக்கு என்று கை வைக்காதீர்கள். வானம் தோண்டும் முன்பே மண்ணைச் சோதித்துப் பாருங்கள். மாடிப்படி எந்தப் பக்கம் என்பதைக் காகிதத்தில் இருக்கும்போதே மாற்றுங்கள். அங்கே மாற்ற ஓர் அழிப்பான் போதும்.

ஆலயம் கட்டும் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. முழுத் தொகையைச் சொன்னால் மக்கள் மலைத்துப்போவார்கள் என்று குறைத்து வாசிக்காதீர்கள். அது பொய்தான், கோவிலுக்காகச் சொன்னாலும் பொய்தான்.

இன்னொன்று. வீட்டுக் கணக்குப் போட உட்காரும்போது பெண்களையும் கூட உட்கார வையுங்கள். பணம் போதாமல் போனால் முதலில் அடகுக்குப் போவது அவர்கள் நகை.