பென்ஷன் பறிபோவது எங்கே தொடங்குகிறது?



சென்ற கூட்டத்தில் பட்டா மாறுதல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "லஞ்சம் வாங்குனவனுக்கு எதுக்குங்க பென்ஷன்?" பலரும் கை தட்டினீர்கள். பென்ஷன் வாங்கும் நம் பெரியவர்கள் சிலர் மட்டும் தட்டவில்லை. "இன்னைக்கு அவன் பென்ஷன்ல கை வெச்சா, நாளைக்கு நம்ம பென்ஷன்லயும் வைப்பாங்க" என்பது அவர்கள் பயம். இரண்டு பக்கத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

முதலில் பெரியவர்களுக்கு. பென்ஷன் அரசு மனமிரங்கிக் கொடுப்பதல்ல, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. ஜார்க்கண்டில் கால்நடைத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பென்ஷனில் 10 சதவீதத்தையும் பணிக்கொடையையும் அரசு நிறுத்தியது. விதியில் இடமில்லாமல் அப்படி நிறுத்த முடியாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. வெறும் சந்தேகத்துக்காக யார் பென்ஷனிலும் கை வைக்க முடியாது.

அடுத்து, கை தட்டியவர்களுக்கு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ன்படி, நன்னடத்தை இருந்தால்தான் பென்ஷன். ஓய்வுக்குப் பிறகு கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றால், பென்ஷனை முழுதாகவோ பகுதியாகவோ, நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ நிறுத்த அரசு ஆணையிடலாம். அது தானாக நின்றுவிடாது. ஆணை வர வேண்டும். பணியில் இருக்கும்போதே டிஸ்மிஸ் செய்யப்பட்டால் பென்ஷனே கிடையாது. அரசு விரும்பினால் கருணைப்படி தரலாம். அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. வழக்கு முடியாமல் ஓய்வு பெற்றால் தற்காலிக பென்ஷன் கிடைக்கும், பணிக்கொடை நிற்கும். இவையெல்லாம் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு. பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள்.

"அப்பீல் போட்டுட்டு வருஷக்கணக்கா இழுப்பாங்களே?" என்பீர்கள். அதற்கும் நம் மாநில வழக்கே வழிகாட்டுகிறது. கல்லூரிக் கல்வித் துறை அலுவலர் ஒருவர் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்காக நடவடிக்கை காத்திருக்க வேண்டியதில்லை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னால் விடுதலையானால் வேலையும் பலன்களும் திரும்பக் கிடைக்கும்.

ஆக, எல்லாமே தண்டனையில் வந்து நிற்கிறது. தண்டனைக்கு ஆதாரம் வேண்டும். பினாப்தலீன் தடவிய நோட்டைத் தொட்ட கை கரைசலில் சிவந்தால் மட்டும் போதாது. பணம் கேட்டதும் நிரூபணமாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் புகார்தாரர். வழக்கு விசாரணைக்கு வரும்போது, "நமக்கெதுக்குங்க வம்பு" என்று அவரே பிறழ் சாட்சியாகிவிட்டால் வழக்கு தள்ளாடும். அப்போதும் மற்ற சாட்சியங்களை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனாலும் நேரில் நின்று சொல்பவரின் வார்த்தைக்கு உள்ள பலம் வேறு.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்வது அதைவிட நல்லது. எண் 1064, கட்டணம் இல்லை.

தாலுகா அலுவலகத்திலோ, பத்திரப் பதிவிலோ, பேரூராட்சியிலோ யாராவது பணம் கேட்டால், தேதி, நேரம், கேட்ட தொகை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். புகார் கொடுக்கத் தனியாகப் போகத் தயங்கினால் சங்கத்தில் சொல்லுங்கள். இரண்டு பேர் கூட வருகிறோம். சாட்சி சொல்லப் போகும் நாளிலும் கூட வருகிறோம்.

முப்பது வருஷம் நேர்மையாக உழைத்தவரின் பென்ஷனுக்கு உள்ள மரியாதை, நேர்மை தவறியவரிடம் கேள்வி கேட்டால்தான் நிலைக்கும். அந்தக் கேள்வியைத் தொடங்க வேண்டியவர்கள் நாம்தான்.